படபடப்புக்கு அயோடின் மருந்தாகுமா?

நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் பிடிக்கவில்லை. "எல்லாம் டென்ஷன்தான்" என்கிறார்கள் வீட்டில். இருக்கலாம். ஆனால் தைராய்டு (கழுத்தின் முன்புறம் உள்ள சுரப்பி) அதிகமாகச் சுரந்தாலும் இதே தொல்லைகள்தான். குறைவாகச் சுரந்தால் சோர்வு, மலச்சிக்கல், எதிலும் பிடிப்பின்மை. இதையும் கவலையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இதில் அயோடினுக்கு என்ன வேலை? தைராய்டு தன் சுரப்பை உண்டாக்க அயோடின்தான் மூலப்பொருள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் (ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு) போதும். கர்ப்பிணிகளுக்கு 250 தேவை.

மன அழுத்தம் தைராய்டைக் கெடுக்குமா? சந்தேகம் பழையது. சரிவில் வேகமாக இறங்கிய சக்கர நாற்காலியிலிருந்து தூக்கியெறியப்பட்டுப் பயந்துபோன இளம்பெண்ணுக்குப் படபடப்பு தொடங்கியதை இங்கிலாந்து மருத்துவர் காலேப் பாரி பதிவுசெய்தார். அது 1825-இல் அச்சானது. கிரேவ்ஸ் நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டை முடுக்கிவிடும் கோளாறு) புதிதாக வந்த 208 பேரை ஸ்வீடனில் ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டார்கள். நோய்க்கு முந்தைய ஓராண்டில் துயர நிகழ்வுகள் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். ஆனால் நோய் தந்த எரிச்சலே சில சச்சரவுகளுக்குக் காரணமாக இருந்திருக்கலாம் அல்லவா? அதனால் 'தொடர்பு உண்டு' என்பதோடு நிற்பதே நியாயம்.

அப்படியானால் அயோடின் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா? தயவுசெய்து வேண்டாம். அது மன அழுத்தத்தைத் தீர்க்கும் என்று நிறுவப்படவில்லை. கடற்பாசி மாத்திரைகள் சிலவற்றில் தேவையைப் போலப் பல மடங்கு அயோடின் இருக்கும். அளவு மீறினால் தைராய்டு அடங்கியும் போகலாம், தறிகெட்டுச் சுரக்கவும் செய்யலாம். கழுத்தில் பழைய கட்டி உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

பிறகு என்ன செய்வது? தொல்லை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் டி.எஸ்.எச். (தைராய்டை வேலைவாங்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் சுரப்பு) ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்பே சொல்லிவிடுங்கள். அது முடிவைத் தவறாகக் காட்டக்கூடும்.

அன்றாட அயோடினுக்குச் சமையலறையில் என்ன செய்யலாம்? 2018-19 தேசியக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் சுமார் 62% வீடுகளில்தான் போதிய அயோடின் உள்ள உப்பு இருந்தது. மாநிலங்களிலேயே இதுதான் கடைசி இடம். வருத்தமான செய்தி, ஏனென்றால் இதைச் சரிசெய்ய அதிகச் செலவே இல்லை. கல்லுப்புதான் பிடிக்கும் என்றால், அயோடின் சேர்த்த கல்லுப்பே பாக்கெட்டில் கிடைக்கிறது. சிரிக்கும் சூரியன் முத்திரையைப் பாருங்கள். ஈரமும் சூடும் அயோடினைக் குறைக்கும் என்பதால் மூடிபோட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டாம். அளவைக் கூட்டாமல், உப்பை மட்டும் மாற்றுங்கள்.