நெல் வயலுக்கு வீட்டிலேயே செய்யும் விளக்குப் பொறி

மழை விட்ட இரவில் வீட்டு விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதைக் காணாத விவசாயி இல்லை. அதே விளக்கை வயல் வரப்பில் வைத்தால் குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழுவின் அந்துப்பூச்சி, புகையான், பச்சைத் தத்துப்பூச்சி, ஆனைக்கொம்பன் ஈ ஆகியவையும் வந்து விழும். பூச்சிகளின் இந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தி அமைப்பதே விளக்குப் பொறி. இதைக் கடையில்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டே அரை நாளில் செய்துவிடலாம்.

ஆனால் பொறியை வைத்த விவசாயிகள் பலர், காலையில் தொட்டி நிறையச் செத்த பூச்சிகளைக் கண்டதும், வயலில் பூச்சி ஒழிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். இது தவறு. நெல் வயலில் விளக்குப் பொறி பூச்சியைக் கொல்வதைவிட, பூச்சி வந்துவிட்டது என்று சொல்வதற்கே அதிகம் பயன்படும். அது சொல்வதைக் கேட்டு நடப்பதில்தான் இலாபம் இருக்கிறது.

முன்கூட்டித் தெரிந்தால் என்ன பயன்?

குருத்துப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். தாய் அந்துப்பூச்சி நெல் இலையின் நுனிப் பக்கத்தில் முட்டைக் குவியலை இட்டு, பழுப்பு நிற ரோமத்தால் மூடிவிடுகிறது. முட்டை 5 முதல் 8 நாள்களில் பொரிக்கிறது. பொரித்த புழு சிறிது நேரமே வெளியில் இருக்கும். பிறகு தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். அதன்பின் தெளிக்கும் மருந்து அதன்மேல் படுவது அரிது.

தூர் கட்டும் பருவத்தில் நடுக்குருத்து காய்வதையும், கதிர் வரும் பருவத்தில் வெண்கதிர் நிற்பதையும் கண்ட பிறகே பலர் மருந்துக் கடைக்குப் போகிறார்கள். வெண்கதிரான கதிரை எந்த மருந்தும் மீட்டுத் தராது. மருந்துச் செலவு, கூலிச் செலவு, மகசூல் இழப்பு என மூன்றும் சேர்கின்றன. அந்துப்பூச்சி பறக்கும் நாளிலேயே செய்தி கிடைத்தால், முட்டை பொரிக்கும் முன் ஏறக்குறைய ஒரு வார அவகாசம் கிடைக்கிறது. அந்த ஒரு வாரத்தைத் தருவதுதான் விளக்குப் பொறி.

பூச்சி விளக்கைச் சுற்றுவது ஏன்?

பூச்சிக்கு விளக்கின்மேல் ஆசை என்றும், நிலவென எண்ணி ஏமாறுகிறது என்றும் சொல்வதுண்டு. அதிவேகப் படக்கருவிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2024 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சமான பக்கத்தை நோக்கித் திருப்பிக்கொள்கிறது என்று அது காட்டியது. இரவிலும் தரையைவிட வானம் வெளிச்சமாக இருப்பதால், முதுகு மேலே இருந்தால் பூச்சி நேராகப் பறக்கும். பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அதை நோக்கி முதுகைச் சாய்த்துச் சாய்த்து, அதையே சுற்றிவந்து கடைசியில் விழுகிறது.

ஒளியின் நிறமும் முக்கியம். புற ஊதா, நீலம் கலந்த வெள்ளை ஒளிக்குப் பூச்சிகள் அதிகம் வரும். மஞ்சள் ஒளிக்குக் குறைவாகவே வரும். எனவே பொறிக்கு வெள்ளை எல்.இ.டி. விளக்கையே பயன்படுத்தவேண்டும்.

தேவையான பொருள்கள்

1. ஆறு அடி நீள மூங்கில் கழிகள் 3.
2. ஒன்றரை முதல் இரண்டு அடி அகலமுள்ள பிளாஸ்டிக் பேசின் 1.
3. 12 வோல்ட், 3 வாட் எல்.இ.டி. விளக்கு 1.
4. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் 1. கணினியின் யு.பி.எஸ். பெட்டிகளில் இருப்பது இதுவே.
5. மழை படாமல் மூட ஒரு தகரத் துண்டு அல்லது பழைய பிளாஸ்டிக் தட்டு.
6. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் 1, கயிறு, ஒயர், சிறிதளவு சோப்புத் தூள்.

மின்கலம் இல்லாதவர்கள் அரிக்கேன் விளக்கையும் வைக்கலாம். பூச்சி குறைவாக வரும். ஆனாலும் நாளுக்கு நாள் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். பொறிக்குள் ஒரு நாள் அரிக்கேன், மறுநாள் எல்.இ.டி. என்று மாற்றக்கூடாது. மாற்றினால் எண்ணிக்கையை ஒப்பிட முடியாது.

செய்முறை

மூன்று கழிகளின் மேல்நுனிகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை அகற்றி முக்காலிபோல் நிறுத்தவேண்டும். மேல் முடிச்சிலிருந்து விளக்கைத் தொங்கவிட்டு, அதற்குமேல் தகரத்தைக் குடைபோலக் கட்டவேண்டும். விளக்குக்குக் கீழே அரை அடி இடைவெளியில் பேசின் இருக்கவேண்டும். பேசினை மூன்று கயிறுகளால் உறிபோலத் தொங்கவிடுவது நல்லது. பயிர் வளர வளரக் கயிற்றைச் சுருக்கி, பேசின் எப்போதும் பயிரின் நுனிக்குச் சற்று மேலே இருக்குமாறு உயர்த்திக்கொள்ளலாம். விளக்கையும் அதற்கேற்ப உயர்த்தவேண்டும்.

பாட்டிலை நீளவாக்கில் மூன்று பட்டைகளாக வெட்டி, விளக்கைச் சுற்றி மின்விசிறி இறக்கைபோல நிறுத்திக் கட்டவேண்டும். விளக்கைச் சுற்றிவரும் பூச்சி இந்தத் தடுப்பில் மோதிக் கீழே விழும். பேசினில் மூன்று விரற்கடை உயரம் தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி சோப்புத் தூளைக் கரைத்துவிடவேண்டும். சோப்பு நீரில் விழுந்த பூச்சி மிதக்க முடியாமல் மூழ்கிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றினாலும் சாகும். ஆனால் அந்தத் தண்ணீரை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டக்கூடாது.

மின்கலம் எத்தனை நாள் வரும்?

3 வாட் விளக்கு 12 வோல்ட்டில் கால் ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். இரவில் மூன்றரை மணி நேரம் எரிந்தால் செலவு சுமார் 0.9 ஆம்பியர்-மணி. மூன்று இரவுக்கு 2.7. ஆகவே 7 ஆம்பியர்-மணி மின்கலம் மூன்று இரவு எரிந்த பிறகும் பாதிக்குமேல் மிச்சம் இருக்கும். அந்த நிலையில் மீண்டும் மின்னேற்றினால் மின்கலம் நெடுநாள் உழைக்கும். முழுவதும் வற்றவிட்டால் விரைவில் கெட்டுவிடும்.

மோட்டார் கொட்டகையிலிருந்து 230 வோல்ட் மின்சாரத்தை ஒயர் மூலம் வரப்புக்கு இழுத்து, வீட்டு பல்பை எரியவிடுவது உயிருக்கு ஆபத்து. ஈர வயலில் ஒயரின் ஒரு கீறல் போதும். பூச்சியைப் பிடிக்கப் போய் ஆளை இழக்கக்கூடாது. மின்கலத்திலும் சிவப்பு, கறுப்பு முனைகள் ஒன்றோடொன்று தொடாதவாறு பார்த்துக்கொண்டு, 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சேர்க்கவேண்டும். மின்கலத்தைத் தரையில் வைக்காமல் கழியில் கட்டிய பையில் வைக்கலாம்.

எங்கே, எத்தனை மணிக்கு?

பொறியை வரப்பில் வைக்கவேண்டும். தெருவிளக்கு, வீட்டு விளக்கு ஆகியவற்றின் வெளிச்சம் படாத இடமாக இருக்கவேண்டும். நாற்றங்காலுக்கு அருகில் வைக்கவே கூடாது. ஏனெனில் விளக்கை நாடிவரும் பூச்சிகள் எல்லாம் தொட்டியில் விழுவதில்லை. ஒரு பகுதி பக்கத்துப் பயிரில் அமர்ந்து முட்டை இடும். ஆகையால் பொறியைச் சுற்றி நாலைந்து கஜ தூரத்துப் பயிரை மறுநாள் காலையில் தவறாமல் பார்க்கவேண்டும்.

மாலை 6.30 மணிக்கு ஏற்றி இரவு 10 மணிக்கு அணைத்துவிடவேண்டும். நெல்லைத் தாக்கும் பூச்சிகள் முன்னிரவிலேயே நிறையப் பறக்கின்றன. விடிய விடிய எரியவிட்டால் தரை வண்டுகளும், புகையானின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் மேலும் மேலும் வந்து விழும். இவை விவசாயிக்குக் கூலி கேட்காமல் உழைப்பவை. இவற்றைக் கொன்றால் புகையானுக்கே நன்மை செய்ததாகும்.

எண்ணிக் குறிக்கவேண்டும்

காலையில் பேசின் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி, பூச்சிகளை வெள்ளைத் தாளில் பரப்பவேண்டும். கையால் நசுக்கக்கூடாது. சிவப்பும் கருப்புமாக எறும்புபோல் இருக்கும் ஒரு சிறு வண்டு தோலில் நசுங்கினால் கொப்புளம் உண்டாகும். ஒரு குச்சியால் ஒதுக்கி எண்ணுவதே பாதுகாப்பு.

எல்லாவற்றையும் எண்ணத் தேவையில்லை. குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு, புகையான் ஆகிய மூன்றை மட்டும் எண்ணினால் போதும். குருத்துப்பூச்சியின் பெண் அந்துப்பூச்சி வைக்கோல் மஞ்சள் நிறத்தில், முன் இறக்கை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளியோடு இருக்கும். இலைச்சுருட்டுப்புழுவின் அந்துப்பூச்சி அதைவிடச் சிறியது. இறக்கைகளில் வளைந்த கருங்கோடுகள் ஓடும். எண்ணிய பின் பூச்சிகளை எருக்குழியில் புதைத்துவிடலாம்.

ஒரு பழைய நோட்டில் தேதியும் எண்ணிக்கையும் எழுதிவரவேண்டும். ஒரு நாள் எண்ணிக்கை ஒன்றும் சொல்லாது. எடுத்துக்காட்டாக, தொடர்ந்து மூன்று நான்கு என்று விழுந்த குருத்துப்பூச்சி திடீரென்று பதினைந்து, இருபது என்று ஏறினால் அதுவே எச்சரிக்கை.

பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் நிலவொளியால் பொறிக்கு வரும் பூச்சிகள் குறையும். பலத்த காற்று, மழை இருந்தாலும் குறையும். அதைக் கண்டு பூச்சி இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. எனவே நோட்டில் நிலவு, மழை, காற்று பற்றியும் ஒரு சொல் எழுதிவைப்பது நல்லது.

எண்ணிக்கை ஏறினால் செய்யவேண்டியவை

எண்ணிக்கை ஏறியதும் மருந்துத் தெளிப்பானைத் தூக்கக்கூடாது. முதலில் வயலில் இறங்கிப் பார்க்கவேண்டும். குருத்துப்பூச்சியானால் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் அல்லது 10 சதவீதம் குருத்துக் காய்தல் அல்லது 2 சதவீதம் வெண்கதிர் என்பதே பொருளாதாரச் சேத நிலை. கண்ட முட்டைக் குவியல்களை இலையோடு கிள்ளி அழிக்கவேண்டும். இந்த வாரத்திலேயே டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற முட்டை ஒட்டுண்ணியை ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் வயலில் கட்டினால், அது குருத்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அழித்துவிடும். ஒட்டுண்ணி கட்டிய நாள்களில் பூச்சிமருந்து தெளித்தால் ஒட்டுண்ணியும் சாகும்.

புகையானானால் தூருக்கு 1 பூச்சி என்பது சேத நிலை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். முதலில் தண்ணீரை வடிக்கவேண்டும். இலைச்சுருட்டுப்புழுவானால் வளரும் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதமும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதச் சேதமும் எல்லை. சேத நிலையைத் தாண்டினால் மட்டும் வேளாண்மை அலுவலரைக் கலந்து மருந்து தெளிக்கலாம். தாண்டாவிட்டால் ஒரு தெளிப்புச் செலவு மிச்சம்.

நிலக்கடலைக்கு வேறு கணக்கு

மானாவாரி நிலக்கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப்பூச்சியின் கதை வேறு. இது ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகவே கழிக்கிறது. மழை பெய்து மண் நனைந்ததும் அந்துப்பூச்சிகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. அந்தச் சில இரவுகளில் மட்டும் விளக்குப் பொறி கொல்லும் கருவியாகவே பயன்படும். ஆனால் ஒருவர் மட்டும் ஏற்றிப் பயனில்லை. மழை பெய்த அன்றே ஊரார் கூடிப் பேசி, எல்லாக் கொல்லைகளிலும் ஒரே நேரத்தில் ஏற்றவேண்டும்.

நெல்லிலும் கண்காணிக்க ஆளுக்கொரு பொறி வேண்டியதில்லை. அடுத்தடுத்த வயல்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பொறி செய்து, முறைவைத்து ஏற்றி, ஒரே நோட்டில் எழுதலாம். நாற்று நட்டு வேர் பிடித்ததிலிருந்து கதிர் பால் பிடிக்கும்வரை நாள்தோறும் மூன்றரை மணி விளக்கும், காலையில் கால் மணி நேர எண்ணிக்கையும் போதும். மருந்தடிக்கவேண்டிய நாளையும், மருந்தே தேவையில்லாத நாளையும் அந்த நோட்டே சொல்லிவிடும்.