தாமரையிலைத் தண்ணீரும் தாவர எண்ணெயும்

உங்களுக்குத் தெரியுமா?

வழக்கமான ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறவாமல் ஆற்றுநீர் தாமதிக்கும் ஆண்டுகளில், குடவாசல் பக்கத்து வயல்களில் நாற்றங்கால் இல்லாமல் புழுதியிலேயே விதைக்கப்படும் சம்பாவுக்கு, களையை அமுக்கிவைக்கும் தேங்குநீர் ஆரம்பத்தில் வாய்க்காமையால், பயிரோடு பந்தயமிட்டு முளைக்கும் புல்லின்மீது பிஸ்பைரிபாக் சோடியம் போன்ற களைக்கொல்லியைத் தெளிக்கும் விவசாயி, தாமரையிலைத் தண்ணீரைப்போல அது உருண்டு விழுவதைக் கண்டிருப்பார். காரணம், இலையின் மேல்தோலில் இயற்கை பூசிவைத்திருக்கும் நுண்ணிய மெழுகு.

அம்மெழுகைச் சற்றே இளக்கி, துளியைத் தட்டையாகப் பரவச்செய்து, வெயிலில் விரைந்து காயாமலும் காத்து, மருந்து இலைக்குள் பிரவேசிக்க வழிவிடும் சக்தி சோயா, கடுகு முதலிய தாவர எண்ணெய்களுக்கு உண்டு. அவற்றை மெத்தனாலோடு வினைபுரியச் செய்து பெறும் 'மெத்தில் எஸ்டர்' இவ்விஷயத்தில் இன்னும் சமர்த்து. (லாரிக்கு ஊற்றும் பயோடீசலும் ரசாயனரீதியில் ஏறத்தாழ இதே பதார்த்தந்தான் என்பது ஒரு வேடிக்கை.) பெட்ரோலிய எண்ணெயைவிட இவற்றை மண்ணின் நுண்ணுயிர்கள் எளிதில் ஜீரணித்துவிடுகின்றன.

எண்ணெயும் நீரும் ஜன்ம விரோதிகள். இடையே சமாதானம் செய்ய ஒரு பால்மமாக்கி வேண்டும். பூச்சிகளுக்காக 100 லிட்டர் நீரில் 3 லிட்டர் வேப்பெண்ணெய் கலக்கும் நம்மவர் சோப்புக் கரைசல் சேர்ப்பது இதன்பொருட்டே. ஆயினும் அந்தக் கலவையையே களைக்கொல்லியில் ஊற்றிவிடலாகாது: களைக்குள் மருந்தை நுழைக்கும் தயவை எண்ணெய் நெல்லுக்கும் செய்துவிடக்கூடுமாதலால், எந்த மருந்துக்கு எது துணை என்பதைப் புட்டியில் ஒட்டிய சீட்டே சொல்லவேண்டும்.