காற்று வகுத்த அட்டவணை: செயின்ட் ஹெலினா விமான நிலையம்

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் மேற்கே, தென் அட்லாண்டிக் கடலில் நிற்கும் செயின்ட் ஹெலினா, நெப்போலியன் சிறைவைக்கப்பட்டு 1821-இல் உயிர்நீத்த தீவாகவே உலகுக்குத் தெரியும். சுமார் நாலாயிரத்து ஐந்நூறு பேர் வாழும் இந்தப் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியை வெளியுலகோடு இணைத்தது, கேப் டவுனிலிருந்து ஐந்து நாட்களுக்கு மேல் பயணம் செய்து வந்த ஒரே ஒரு கப்பல்தான்.

பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ 28.5 கோடி பவுண்டு செலவில் இங்கு விமான நிலையம் அமைக்க முன்வந்து, தென்னாப்பிரிக்க நிறுவனம் ஒன்றுடன் 2011-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. எரிமலைத் தீவாகிய இதில் ஓரளவு சமதளமாக இருந்தது கிழக்குக் கரையோரத்துப் பிராஸ்பரஸ் பே சமவெளிதான். அதுவும் ஓடுபாதைக்குப் போதாமையால், அருகிலிருந்த டிரை கட் என்னும் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 80 லட்சம் கனமீட்டர் பாறையையும் மண்ணையும் கொட்டி, 100 மீட்டர் உயரத்துக்கு மேடு கட்ட வேண்டியதாயிற்று. இயந்திரங்களைக் கரைசேர்க்கும் ரூபர்ட்ஸ் விரிகுடாவிலிருந்து சாலை அமைப்பதற்கு முன்னோடியாக 2007, 2008 ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் 325 மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமைக் கப்பல்களிலிருந்து பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டும், பிழைக்காமல் இத்தீவிலேயே மாண்ட ஆப்பிரிக்கர்களுடையவை. அவர்களை மீண்டும் முறையாக நல்லடக்கம் செய்ய 2022 வரை காத்திருக்க நேர்ந்தது பெருந்தாமதமே.

உண்மையான சோதனை காற்றின் உருவில் வந்தது. இங்கு ஆண்டு முழுவதும் வீசும் தென்கிழக்கு வணிகக் காற்று, கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறைச் சுவர்களில் மோதிச் சுழல்கிறது. ஓடுபாதையோ கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் மேலே, அச்சுவர்களின் விளிம்பிலேயே தொடங்குகிறது. குறுகிய தொலைவுக்குள் காற்றின் வேகமும் திசையும் சட்டென்று மாறுவதை விமானிகள் ‘விண்ட் ஷியர்’ என்பர். தரையிறங்கும் தருவாயில் அது இறக்கையைத் தாங்கும் காற்றையே பறித்துவிடக்கூடும். 2016 ஏப்ரலில் சோதனைக்காக வந்த போயிங் 737 விமானம் வடதிசையிலிருந்து இறங்க முயன்றபோது இதை நேரில் சந்தித்தது. திறப்பு விழா தள்ளிப்போனது. உலகிலேயே மிகவும் பயனற்ற விமான நிலையம் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஏசின.

அந்த ஏச்சு நியாயமானதன்று. வழக்கமான சேவை தொடங்கும் முன்னரே, 2016 ஜூனில், சிகிச்சைக்காக நோயாளியை ஏற்றிச்செல்லும் விமானம் அங்கு வந்து சென்றது; கப்பலை மட்டும் நம்பியிருந்த ஊரில் இதன் அருமை சொல்லாமலே விளங்கும். பெரிய விமானங்களுக்குப் பதிலாக, குறைந்த நீளத்தில் தரையிறங்கவல்ல எம்ப்ரேயர் 190 விமானத்தைக் கொண்டு, தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனம் 2017 அக்டோபர் 14 அன்று ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வாராந்தரச் சேவையைத் தொடங்கியது. கடல்வழியில் ஐந்து நாட்களுக்கு மேலாகிய பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது.

ஆயினும் தொலைவின் விலையை இன்றும் கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. வானிலை கெட்டு இறங்க முடியாமற்போனால் ஒதுங்குவதற்கு அருகில் வேறு நிலையம் கிடையாது. அசென்ஷன் தீவே சுமார் 1,300 கிலோமீட்டர் அப்பால் உள்ளது. எனவே வரும் வழியில் நமீபியாவில் இறங்கி எரிபொருள் நிரப்பி, திரும்பிச் செல்லவும் போதுமான அளவைச் சுமந்தே விமானம் புறப்படுகிறது. அந்தச் சுமைக்காகப் பல இருக்கைகளைக் காலியாக விட நேர்ந்ததால் கட்டணமும் உயர்ந்தது. பழைய கப்பல் 2018 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. எனினும் தீவுக்கு வேண்டிய கனமான சரக்குகள் இன்றும் கடல்வழியாகவே வந்து சேர்கின்றன.