கப்புக்கு எத்தனை கிராம்?

அடுப்படிக் கணக்கு - 9

ஒரு கப் மைதா எத்தனை கிராம்? கேக் செய்பவர்கள் பெரிதும் நம்பும் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் இதற்கு இரண்டு விடை சொல்கின்றன. கிங் ஆர்தர் நிறுவனத்தின் பட்டியலில் 120 கிராம். அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன் கணக்கில் 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராம். இரண்டும் சரிதான். கரண்டியால் தளரப் போட்டு மேலே வழித்துவிட்டால் மாவுக்குள் காற்று நிறைய நிற்கும். டப்பாவுக்குள் கப்பையே விட்டு அள்ளினால் மாவு அழுந்தி, அதே கப்பில் கூடுதலாக ஏறும். இரண்டு கப் மைதா கேட்கும் கேக்கில் இந்த வித்தியாசம் 44 கிராம். கேக் வறண்டு போக அது போதும். எனவே மாற்று அட்டவணையில் உள்ள எண்ணோடு, அள்ளிய முறையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கப்பின் கொள்ளளவும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்க கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலிய கப் 250, ஜப்பானிய கப் 200. கொள்ளளவு ஒன்றாகவே இருந்தாலும் பொருளுக்குப் பொருள் எடை மாறும். அமெரிக்க கப்பில் சர்க்கரை ஏறக்குறைய 200 கிராம், தேன் 340 கிராம் பிடிக்கும். மிக்ஸியில் பொடித்த சர்க்கரையோ 120 கிராம் அளவில்தான் நிற்கும். குறிப்பில் ஒரு கப் சர்க்கரை என்றிருக்க, பொடித்துவிட்டு ஒரு கப் அளந்து போட்டால் இனிப்பில் ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போகும். சர்க்கரையை அளந்த பிறகு பொடிப்பதா, பொடித்த பிறகு அளப்பதா என்ற குழப்பம், 200 கிராம் என்று எழுதியிருந்தால் எழவே எழாது.

தராசே இல்லாமல் டம்ளரால் அளந்து தலைமுறை தலைமுறையாக மைசூர்பாகு கிளறவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே கடலை மாவு, சர்க்கரை, நெய் மூன்றையும் ஒரே டம்ளர்தான் அளக்கிறது. டம்ளர் சிறிதானால் மூன்றும் சேர்ந்தே குறையும், விகிதம் கெடாது. மிச்சப் பிசகைக் கண்ணும் கையும் திருத்திவிடும்: பாகு கம்பிப் பதம் வந்ததா என்று விரலில் தொட்டுப் பார்க்கலாம், மாவு இழுக்கும்வரை நெய்யை விட்டுக்கொண்டே போகலாம். கேக்கில் இந்த இரண்டு வசதியும் இல்லை. முட்டையை எண்ணிக்கையிலும் வெண்ணெயைப் பாக்கெட் எடையிலும் மாவைக் கப்பிலும் எடுக்கிறோம். 200 மில்லி டம்ளரைக் கப் என்று வைத்துக்கொண்டால் மாவு குறையும், முட்டை குறையாது. அவனுக்குள் போன பிறகு பதம் பார்த்துத் திருத்தவும் வழியில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் தராசில்தான் வைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கால் டீஸ்பூன் சமையல் சோடா ஏறக்குறைய ஒன்றரை கிராம். ஒவ்வொரு கிராமாகக் காட்டும் வீட்டுத் தராசு அதை ஒன்று என்றோ இரண்டு என்றோதான் சொல்லும். அங்கே அளவு ஸ்பூனே நம்பகமானது. தண்ணீரில் ஒரு மில்லி ஒரு கிராம், பாலும் அதற்கு வெகு அருகில். அவற்றை எப்படி அளந்தாலும் நஷ்டமில்லை. தராசு கட்டாயம் தேவைப்படுவது காற்றைப் பிடித்துவைக்கும் பொருள்களுக்குத்தான்: மைதா, கோகோ, பொடித்த சர்க்கரை, பாதாம் தூள். குறிப்பு கப்பில் மட்டும் இருந்தால், அதை எழுதியவரின் அட்டவணையைத் தேடிப் பிடிப்பது நல்லது. அதுவும் கிடைக்காவிட்டால், வழக்கம்போல் அள்ளிய கப்பைக் கலக்கும் முன் தராசில் வைத்து, எடையைக் குறிப்பின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். கேக் நன்றாக வந்தால் அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வறண்டால் அடுத்த முறை எத்தனை கிராம் குறைப்பது என்று முடிவுசெய்ய ஒரு பிடி கிடைத்திருக்கும். வெறும் கப் அளவு அந்தப் பிடியைத் தருவதில்லை.

(தொடரும்)

அடுத்த வாரம்: சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால், எடை சரியாக இருந்தும் பதம் ஏன் மாறுகிறது?