தோற்ற கோஷ்டியின் சொந்தக்காரர்கள்

2010-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு வடக்கேயுள்ள பெரி என்னும் ஊரில், கிக் லேன் மைதானத்தில் ஒரு கால்பந்தாட்டம் நடைபெற்றது. பிரைட்டன் கோஷ்டி நான்கு கோல் போட்டது, எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்னும் கோஷ்டி ஒன்றும் போடவில்லை. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் டிசம்பர்க் குளிரில் நின்று அதனைக் கண்டனர். வலுத்தவன் வென்றான், இளைத்தவன் தோற்றான். இதில் செய்தி என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். கூட்டுறவுப் பத்திரிகையில் பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்றும் சிலர் கேட்கக்கூடும். அன்று தோற்ற கோஷ்டி ஒரு கூட்டுறவுச் சங்கம் என்பதே இரண்டுக்கும் விடை.

ரஸிகன் ஒருவன் டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்ததோடு அவனுடைய உரிமை தீர்ந்துவிடுகிறது. எந்நாட்டிலும் பெரும்பாலும் இதுவே வழக்கம். மான்செஸ்டர் யுனைடெட் என்ற பெயரை அறியாத இளைஞர் இன்று நமது கிராமங்களிலும் அரியர். 1878-இல் நியூட்டன் ஹீத் என்ற பேட்டையில் ரயில்வேத் தொழிலாளர் தொடங்கிய கோஷ்டி அது. 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் கிளேசர் என்னும் அமெரிக்கக் குடும்பத்தார் அதனை ஏறத்தாழ 79 கோடிப் பவுண் மதிப்பில் விலைக்கு வாங்கினர். அப்பணத்தில் பெரும்பகுதி கடன். அக்கடனிலும் பெரும்பங்கு, வாங்கப்பட்ட கோஷ்டியின் தலையிலேயே ஏற்றப்பட்டது. நெசவாளி ஒருவனுடைய தறியை அவனுக்குத் தெரியாமல் ஈடு வைத்துப் பணம் பெற்று, அப்பணத்தைக் கொண்டே அந்தத் தறியை விலைக்கு வாங்கினால் எப்படியோ, அப்படி.

மனம் பொறாத ரஸிகர்கள் அவ்வாண்டுக் கோடையிலேயே ஒன்றுகூடிப் புதிய கோஷ்டி ஒன்றை அமைத்தனர். தொழில், சிக்கனச் சங்கங்களுக்கென்று அந்நாட்டிலிருந்த சட்டத்தின்கீழ் அதனைப் பதிவும் செய்தனர். கோஷ்டிக்கு என்ன பெயர் இடுவது என்பதையே அங்கத்தினர் வாக்களித்துத் தீர்மானித்தனர். ஒருவருக்கு ஒரு வாக்கு. நிர்வாகக் குழுவை அங்கத்தினரே தேர்ந்தெடுப்பது. நுழைவுக் கட்டணம் இயன்றவரை குறைவாக இருப்பது. லாபம் கருதாத ஸ்தாபனமாகவே என்றும் இருந்துவருவது. அப்பட்டமான வாணிபத்தை இயன்ற மட்டும் விலக்குவது: இவை போன்ற கொள்கைகளைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டனர். ஆட்டக்காரர் சட்டையில் எந்தக் கம்பெனியின் விளம்பரமும் இல்லை. 2009-இல் சீசன் டிக்கெட்டுக்கு ஒரு குறைந்த தொகையை மட்டும் வரையறுத்து, அதற்குமேல் அவரவர் இயன்ற அளவு செலுத்தலாம் என்றே அறிவித்துவிட்டனர். நமது சங்கங்களில் எத்தனை காரியதரிசிகளுக்கு இந்தத் துணிவு வரும் என்று எண்ணிப் பார்த்தேன்.

கோஷ்டி அடிப்படியிலிருந்து ஆடத் தொடங்கியது. வடமேற்கு வட்டாரங்களின் லீக்கில், மிகக் கீழான பிரிவில், முதல் ஆண்டிலேயே சராசரி மூவாயிரம் பேருக்கு மேல் ஆட்டம் பார்க்க வந்தனர். 2006, 2007, 2008 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து ஒவ்வொரு படியாக மேலேறியது. ஆயினும் ஆட்டக்காரர் பகலில் வேறு வேலை பார்த்து, மாலையில் பயிற்சி செய்பவர்களே. சொந்த மைதானமும் கிடையாது. பெரி ஊர்க் கோஷ்டிக்குச் சொந்தமான கிக் லேனை வாடகைக்கு எடுத்து ஆடி வந்தது.

2010-ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பைப் பந்தயத்தின் முதல் சுற்றுக்கு இக்கோஷ்டி முதன்முறையாகத் தகுதி பெற்றது. எதிரி யார் என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில் வந்த பெயர் ராச்டேல். கூட்டுறவு ஊழியர் எவரும் இப்பெயரைக் கேட்டுச் சும்மா இருக்கமாட்டார். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி, 28 தொழிலாளர்கள் தலைக்கு ஒரு பவுண் வீதம் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொண்டு, டோட் லேன் என்னும் தெருவில் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியும் விற்கக் கடை திறந்த ஊர் அது. அவர்களில் பலர் கம்பளி நெய்தவர்கள். நமது கைத்தறியை நலியச் செய்த லங்காஷயர் ஆலைகளின் நடுவே, நமது சங்கங்களுக்கெல்லாம் முன்னோடியான சங்கத்தை நெசவாளரே நிறுவினார்கள் என்பது விந்தைதான். அந்த ஊர்க் கோஷ்டி கூட்டுறவுக் கோஷ்டியன்று. ஆனால் நான்கு படிகள் மேலே ஆடி வந்த வலிய கோஷ்டி. நவம்பர் 5-ஆம் தேதி அவ்வூர் மைதானத்திலேயே, ஆட்டம் முடிந்து கூடுதல் நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருக்கையில், எஃப்.சி. யுனைடெட் மூன்றாவது கோலைப் போட்டு 3–2 என்ற கணக்கில் வென்றது. கோல்காப்பவர் கையிலிருந்த பந்தைத் தட்டிப் போட்ட கோல் அது என்று எதிர்க்கட்சியார் குறைப்பட்டதும் உண்டு.

இரண்டாம் சுற்றில் பிரைட்டன். தனது லீக்கில் அப்போது முதலிடத்தில் இருந்த கோஷ்டி. இதுவும் நான்கு படி மேலானது. நவம்பர் 27-ஆம் தேதி பிரைட்டன் ஊரில் நடந்த ஆட்டத்தில் எஃப்.சி. யுனைடெட் முந்திக்கொண்டு ஒரு கோல் போட்டது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் பிரைட்டன் ஒன்று போட்டுச் சமன் செய்தது. கடைசி நிமிஷத்தில் பிரைட்டனுக்குப் பெனால்டி கிடைத்தது. கோல்காப்பவர் சாம் ஆஷ்டன் அதனைத் தடுத்தார். ஆட்டம் 1–1 என்று முடிந்ததால், மீண்டும் ஆடவேண்டியதாயிற்று. அந்த மறு ஆட்டமே டிசம்பர் 8-இன் தோல்வி.

இத்தகைய தோல்விக்குப் பின் ரஸிகரிடையே எழும் வாதங்கள் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றே. வலியவனோடு மோதித் தோற்றதில் வெட்கமில்லை, நாம் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்பார் ஒருவர். கேட்க இனிமையான பேச்சு. ஆனால் வெற்றிக்கு மிக அருகில் போய் வந்தவனுக்கு அது ஆறுதலாகாது. தோல்வி இன்றைக்கு வந்ததன்று, பிரைட்டனில் முந்திக்கொண்டிருந்தபோதே ஆட்டத்தைக் கட்டியிருக்க வேண்டும் என்பார் மற்றொருவர். இதில் நியாயம் உண்டு. இளைத்தவனுக்கு வாய்ப்பு ஒருமுறைதான் கதவைத் தட்டுகிறது. இரண்டாம் ஆட்டத்தில் வலியவன் விழித்துக்கொள்கிறான். மூன்றாமவர் கணக்குப் பேசுவார். வென்றிருந்தால் அடுத்த சுற்றில் சொந்த இடத்திலேயே போர்ட்ஸ்மத் கோஷ்டியுடன் ஆட்டம். 2008-இல் கோப்பையை வென்று, 2010-இலும் இறுதியாட்டம் வரை வந்த கோஷ்டி அது. வாயில் வசூலும் தொலைக்காட்சிப் பணமும் சேர்ந்து ஓராண்டுச் செலவைத் தாங்கியிருக்கும் என்று அவர் விரல் மடக்குவார்.

இவையெல்லாம் எங்கும் நடக்கும் பேச்சுத்தான். வேறு கோஷ்டிகளின் ரஸிகர்கள் இதற்கு மேல் போனால் முதலாளியைத் திட்டுவார்கள். நல்ல ஆட்டக்காரனை வாங்க மனமில்லை, கஞ்சன், கொள்ளைக்காரன் என்று வைது தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எஃப்.சி. யுனைடெட் ரஸிகருக்கு அந்த வசதி இல்லை. முதலாளி என்று சுட்டக்கூடியவர் அவர் பக்கத்தில் கம்பளிக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நின்று கத்திக்கொண்டிருந்தவர், அல்லது அவரே. ஆகவே அவர்கள் வாதம் வேறொரு கேள்வியில் வந்து நிற்கிறது. பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் ஆட்டக்காரனைக் கொண்டு, முழுநேரமும் பயிற்சி பெற்றவனை எத்தனை நாள் எதிர்ப்பது? சட்டையில் விளம்பரம் போட்டால் என்ன? பணக்காரர் ஒருவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டால்தான் என்ன?

இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏனெனில் அன்று நான்கு கோல் போட்ட பிரைட்டனே அதற்கு ஒரு சாட்சி. பிரைட்டனின் பழைய மைதானத்தை அதன் டைரக்டர்களே விற்றுவிட்டனர். 1997-இல் அக்கோஷ்டி வீடிழந்து, இரண்டு ஆண்டுகள் தொலைவிலுள்ள ஜில்லிங்ஹாம் ஊருக்குப் போய் ஆடியது. பின்னர் ஓட்டப் பந்தயத் திடல் ஒன்றில் பல ஆண்டு ஒண்டியிருந்தது. ரஸிகர்கள் தெருவிலிறங்கிப் போராடியிராவிட்டால் அது அழிந்தே போயிருக்கும். அதனை நிமிர்த்தியவர், சிறு வயது முதலே அக்கோஷ்டியின் ரஸிகராயிருந்து, 2009-இல் தலைவரான டோனி புளூம் என்னும் செல்வர். அவர் தமது சொந்தப் பணத்தைக் கொட்டினார். 2011-இல் புதிய மைதானம் திறக்கப்பட்டது. 2017-இல் கோஷ்டி முதற்படி லீக்கை எட்டியது. 2023-இல் ஐரோப்பியப் போட்டியிலும் ஆடத் தொடங்கியது. நல்ல பண்ணையார் வாய்த்த கிராமம் செழிப்பதுண்டு. கூட்டுறவு இலாகாவில் வேலை பார்க்கும் நான் இதனை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் அன்றைய இரவில் சம்பந்தப்பட்ட கோஷ்டிகள் இரண்டல்ல, மூன்று. ஆட்டத்துக்கு இடம் கொடுத்த பெரி கோஷ்டி 1885-இல் தோன்றியது. 1900-இலும் 1903-இலும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அதுவும் தனியார் கைகளில் மாறி மாறிச் சென்றது. 2018-ஆம் ஆண்டு முடிவில் புதிய முதலாளி ஒருவர் அதனை ஒரே ஒரு பவுணுக்கு வாங்கினார். அடுத்த கோடையில் ஆட்டக்காரர்கள் கோஷ்டியை ஒரு படி மேலேற்றினர். மேற்படியில் ஓர் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே, பணநிலையைச் சரிவரக் காட்டவில்லை என்று 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி லீக்கிலிருந்து அது வெளியேற்றப்பட்டது. மைதானத்தில் வென்ற கோஷ்டியைக் கணக்குப் புத்தகம் தோற்கடித்துவிட்டது. ரஸிகர்கள் பூட்டிய வாயிலுக்கு வெளியே நின்றனர். அவர்களைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. கேட்கவேண்டும் என்று விதியும் இல்லை.

இதனைப் படித்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் தணிக்கைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கம் நினைவுக்கு வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரிப் போர்வைக்கான பெரிய ஆர்டர் ஒன்று டெண்டரில் ஆலைக்குப் போய்விட்டது. டீக்கடையில் உட்கார்ந்தால் அங்கத்தினர் அனைவரும் அதைப் பற்றியே பேசினர். தலைவர் விலையைத் தவறாகப் போட்டார் என்றார் ஒருவர். நூல் தாமதமாக வந்தது என்றார் மற்றொருவர். “எங்கள் சங்கம்” என்று ஒருவரும் சொல்லவில்லை. “அவர்கள் சங்கம்” என்றே சொன்னார்கள். அடுத்த வாரம் பொதுச்சபைக் கூட்டத்தில் கோரத்துக்கு ஆள் சேரவில்லை. டீக்கடையில் கேட்ட பேச்சில் பாதியேனும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருந்தால் அந்தச் சங்கத்துக்கு விமோசனம் உண்டாகியிருக்கும் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

எஃப்.சி. யுனைடெட் அங்கத்தினர் சொந்த மைதானம் கட்டுவதென்று உறுதி கொண்டனர். பணக்காரரைத் தேடிப் போகவில்லை. அங்கத்தினரிடமும் அனுதாபிகளிடமும் பங்குத்தொகை திரட்டினர். ஏறத்தாழ 20 லட்சம் பவுண் சேர்ந்தது. பங்கு எத்தனை வாங்கினும் வாக்கு ஒன்றே. முதலில் நியூட்டன் ஹீத்திலேயே கட்ட நினைத்தது 2011-இல் தவறிப்போயிற்று. பின்னர் மாஸ்டன் என்ற பகுதியில் இடம் கிடைத்தது. பிராட்ஹர்ஸ்ட் பார்க் என்ற அம்மைதானம் 2015-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி, போர்ச்சுகலின் பென்ஃபிகா கோஷ்டியுடன் ஆடிய ஆட்டத்தோடு திறக்கப்பட்டது. 1968-இல் அதே தேதியில்தான் மான்செஸ்டர் யுனைடெட், பென்ஃபிகாவை வென்று ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றது. புதிய கோஷ்டி அன்று 0–1 என்று தோற்றது. சொந்த வீட்டுக் கிருகப்பிரவேசத்தில் நேர்ந்த அந்தத் தோல்வியைக் குறித்து எவரும் அதிகம் வருந்தியிருக்க மாட்டார்கள்.

இதற்குப் பின் எல்லாம் சுகமே என்று எழுதினால் பொய்யாகும். மைதானம் கடனையும் கொண்டுவந்தது. 2016-இல் அங்கத்தினருக்குள் கடும் பூசல் மூண்டது. நிர்வாகக் குழுவில் பலர் விலகினர். 2019-இல் கோஷ்டி ஒரு படி கீழே இறங்கியது. கூட்டுறவு என்றாலே இந்தச் சள்ளைகள்தான் என்று சொல்பவர் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. பூசல் பொதுச்சபையில் நடந்தது, வாக்கெடுத்துப் புதிய குழு அமைந்தது, மைதானம் அங்கத்தினர் கையிலேயே இருந்தது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெரி ஊரார் கதையையும் முடித்துவிடுகிறேன். ரஸிகர்கள் 2022-இல் பணம் திரட்டியும் அரசாங்க உதவி பெற்றும் கிக் லேன் மைதானத்தை விலைக்கு வாங்கினர். ஆனால் அதற்குள் அவர்களிடையே இரண்டு சங்கங்கள் உண்டாகியிருந்தன. இரண்டையும் இணைக்க அவ்வாண்டு வாக்கெடுப்பு நடந்தது. ஒரு சங்கத்தில் மூன்றில் இரு பங்கு வாக்குக் கிடைக்காமல் இணைப்பு தவறியது. கூட்டம் கூட்டமாகப் பேசி, 2023-இல் மறுபடி வாக்கெடுத்தபோது இரு சங்கங்களிலும் தீர்மானம் நிறைவேறியது. அவ்வாண்டு கிக் லேனில் பெரி கோஷ்டி மீண்டும் இறங்கியது. அது ஆடியது வடமேற்கு வட்டாரங்களின் லீக்கில், 2005-இல் எஃப்.சி. யுனைடெட் ஆடத் தொடங்கியதும் அதே லீக்கில்தான்.