கல்லமேட்டுக் கூர்மம்

நமது செட்டிநாட்டு ஊருணிகளில் வாழும் ஆமையைத் தீண்டினால், அது தலையை நேரே ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். சிறுவரும் அறிந்த இச்செய்கை பிராணி சாஸ்திரத்தில் ஒரு பெரும் வகுப்பின் அடையாளமாகும். கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஒடுக்கும் ஆமைகள் மற்றொரு வகுப்பு. அவை இன்று ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய தென்திசை நாடுகளில் உள்ளன. பாரத நாட்டில் ஒன்றேனும் இல்லை.

முன்னொரு காலத்தில் இருந்தன என்பதற்கு அரியலூர்ப் பிரதேசத்துக் கல்லமேடு கிராமம் சாட்சி பகர்கின்றது. அங்கே கிடைத்த ஆமையின் மண்டையோட்டை ஆராய்ந்து, காஃப்னி, சங்கர் சட்டர்ஜி, ருத்ரா என்னும் மூவர் 2001-ம் வருஷம் அதற்குக் ‘கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ்’ என்று நாமகரணம் செய்தனர். கூர்மம் என்ற நமது சொல்லும், ஒரு தமிழ்க் கிராமத்தின் பெயரும் உலக விஞ்ஞான ஏட்டில் ஏறின.

அவ்வாமை வாழ்ந்தது இற்றைக்குச் சுமார் 7 கோடி வருஷங்களுக்கு முன். அப்பொழுது இமயம் இல்லை. நமது நாடு மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து, கடல் சூழ்ந்த நிலமாய் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மடகாஸ்கரில் கிடைத்த ஓர் ஆமை இதற்கு நெருங்கிய உறவென 2009-ல் வெளியாயிற்று. பிரிந்த நிலங்களின் பழைய உறவை ஆமையின் எலும்பு உரைக்கின்றது!

ஆனால் அதே கல்லமேட்டில் 1980-களில் அகப்பட்ட மாபெரும் பிராணியொன்றின் எலும்புகள் கதி யாது? ‘பிருஹத்காயோசாரஸ்’ எனப் பெயர் பெற்ற அவை மழையிலும் ஈரத்திலும் நைந்து பொடிந்து போயின. எஞ்சியவை சில சித்திரங்களும் புகைப்படங்களுமே. அது எத்தகைய பிராணி, எவ்வளவு பெரிது என்று அறிஞர் இன்றும் வாதாடுகின்றனர். தீர்ப்புக் கூற வேண்டிய சாட்சி மாண்டுவிட்டது.

1830-களில் சிவாலிக் குன்றுகளில் ஃபால்கனரும் காட்லியும் தோண்டிய ராட்சத ஆமையின் எலும்புகள் லண்டனுக்குச் சென்றன. அன்று நாம் அடிமைகள், கேட்பாரில்லை. இன்று ஆட்சி நம்முடையது, பொறுப்பும் நம்முடையதே. கல்லமேட்டு மண்டையோடு கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் உள்ளது. அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசாங்கம் ஒரு பொருட்காட்சிச் சாலை வைத்திருக்கிறது. இவை நற்செயல்கள். ஆயினும் இவை மட்டும் போதா. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படும் பிரதேசம் அது. கடப்பாறையில் எலும்பு தட்டுப்படும் அன்றே அதைக் காத்து, அறிந்தவருக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடு ஒவ்வொரு கிராமத்திலும் வேண்டும்.

கோவில் கல்வெட்டைக் காப்பது தேசத் தொண்டு என்று கருதும் நாம், கல்லே எழுதிய சரித்திரத்தைக் கைவிடலாமா?