ஐம்பதை நெருங்கும்போது மூளையைக் காப்போம்



“எதிரே வந்தவரின் பெயர் சட்டென்று வாயில் வரவில்லை. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன். என் அம்மாவுக்கு வந்த மறதிநோய் எனக்கும் வந்துவிடுமோ?” ஐம்பதை நெருங்குகிறவர்கள் பலர் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி இது. மறந்த பெயர் சற்று நேரத்தில் தானே நினைவுக்கு வந்தால், பெரும்பாலும் களைப்போ தூக்கக் குறைவோதான் காரணம். பழகிய தெருவிலேயே வழி தடுமாறினால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். ஆனாலும் இந்த அச்சம் முற்றிலும் வீணானதல்ல. முதுமையில் வெளிப்படும் அல்சைமர் நோய், மூளைக்குள் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அதாவது, நம் நடுவயதில்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு உதவியவர்கள் அருள்சகோதரிகள். 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர், நோட்ரடேம் பள்ளி அருள்சகோதரிகள் சபையினரை அணுகினார். பின்னர் 75 வயதைக் கடந்த 678 சகோதரிகள் இந்த ஆய்வில் சேர்ந்தனர். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்படவும், இறந்தபின் தங்கள் மூளையைத் தானமாகத் தரவும் அவர்கள் மனமுவந்து இசைந்தார்கள். ஏறக்குறைய ஒரே உணவு, ஒரே விதமான வீடு, புகைப்பழக்கம் இல்லை. ஒருவரையொருவர் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட ஏற்ற குழு எங்கே கிடைக்கும்?

அவர்களுள் சகோதரி மேரி 84 வயதுவரை கற்பித்தவர். 101ஆம் வயதில் இறக்கும்வரை சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றார். ஆனால் அவரது மூளையைப் பார்த்தபோது, அல்சைமர் நோயின் அடையாளங்கள் அதில் நிறைந்திருந்தன! நோய் மூளையில் இருந்தது, வாழ்க்கையில் தென்படவில்லை.

இது எப்படி? 1997இல் வெளிவந்த ஆய்வு முடிவு ஒரு விடை தந்தது. மூளையில் அல்சைமர் அடையாளங்கள் இருந்த சகோதரிகளுள், அத்துடன் சிறு இரத்தக்குழாய் அடைப்பால் ஏற்பட்ட தழும்புகளும் இருந்தவர்களுக்கே மறதிநோய் மிக அதிகமாக வெளிப்பட்டிருந்தது. மிளகளவுகூட இல்லாத தழும்புகளும் இவற்றுள் உண்டு. பக்கவாதம் வந்தது என்று தெரியாமலேயே வந்துபோனவை பல.

நம் மூளை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் உடலின் ஆற்றலில் 20 விழுக்காட்டை அது செலவிடுகிறது. அதற்கான இரத்தத்தைச் சுமந்து செல்லும் நுண்குழாய்களை, ‘பிரஷர்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் உயர் இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் தடிக்கவைத்து அடைக்கிறது. வலி கிடையாது. அதனால்தான் “எனக்கு ஒன்றும் இல்லை” என்று மாத்திரையை நாமாகவே நிறுத்திவிடுகிறோம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 50 வயதைக் கடந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கிச் சிகிச்சை தந்தார்கள். மேல் அளவை 140க்குக் கீழே வைக்க முயன்ற பிரிவைவிட, 120க்குக் கீழே வைக்க முயன்ற பிரிவில் நினைவாற்றலின் தொடக்கநிலைக் குறைபாடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. யாருக்கு எந்த அளவு என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். ஆனால் அளந்து பார்ப்பது நம் பொறுப்பு. உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே இலையில் இருந்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்!

சர்க்கரை நோய், புகை, மது ஆகியவையும் இதே குழாய்களைத்தான் தாக்குகின்றன. நடையோ மூளைக்கு நேரடியாகவே உதவுகிறது. 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் ஓராண்டு நடந்தவர்களுக்கு, நினைவைப் பதியவைக்கும் மூளைப்பகுதி 2 விழுக்காடு பெரிதாகியிருந்தது. அவர்கள் 55 வயதைத் தாண்டியவர்கள் என்பது நமக்கு ஆறுதல்.

கடைசியாக, நாம் அதிகம் கவனிக்காத ஒன்று: காது. நடுவயதில் குறையும் கேட்கும் திறன், மறதிநோய்க்கு வழிவகுக்கும் முக்கியக் காரணிகளுள் ஒன்று என மருத்துவ வல்லுநர்கள் கணிக்கிறார்கள். சரியாகக் கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைக்கிறார், அன்பியக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துகிறார், மூளைக்கும் வேலை குறைகிறது. நாற்பத்தைந்தில் வாசகம் படிக்கக் கண்ணாடி போட நாம் வெட்கப்படுவதில்லை. காதுக்கருவி என்றால் மட்டும் தயங்குகிறோம். வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தை யாராவது நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போனால், கடிந்துகொள்ளாமல் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.